மண், கல், மரம் – 11: இந்தத் தேக்கு எந்தக் காட்டுத் தேக்கு?

கன அடி என்ன விலை, வைரம் எவ்வளவு இருக்கிறது, கரையான் அரிக்குமா என்று கேட்காமல் மரவாடியை விட்டு யாரும் வெளியே வருவதில்லை. ‘இது எங்கே வளர்ந்த மரம்?’ என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், “ஒரிஜினல் பர்மா சார்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். வீடு கட்டுகிறவர் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் கதவு நிலைக்கான மரம் இவ்வளவு தூரம் கடல் கடந்து வருவதில் நீலகிரிக் கூடலூருக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே காடுகள் வெட்டி அழிக்கப்படுவதைப் பொறுக்க முடியாமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. நம் காடுகளுக்கு அது பெரிய காப்பு. ஆனால் வீடு கட்டுவது குறையவில்லை. தேவை துறைமுகம் பக்கம் திரும்பியது. இன்று தூத்துக்குடியில் இறங்கும் தடிகள் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. நம் மலையைக் காப்பாற்றிக்கொண்டு, இன்னொரு நாட்டு மலை மொட்டையாவதைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நியாயமாகாது.

பர்மா தேக்கையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் அங்கிருந்து கப்பலில் வந்தவை. அந்தப் பெருமையில்தான் இன்றும் அந்தப் பெயர் விலைபோகிறது. காடுகள் தேய்ந்துபோனதால் மியான்மர் 2014 ஏப்ரலில் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அறுத்த மரம் மட்டும் தொடர்ந்து வெளியே போனது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அந்த வருமானம் ராணுவத்தின் கைக்குப் போகிறது என்பதே காரணம். இந்தியா அப்படித் தடை போடவில்லை. வாங்குவது சட்ட மீறல் அல்ல. இருந்தாலும், புதிதாக வந்த பர்மா தேக்கு என்று யாராவது சொன்னால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சிவந்த நிறத்துக்காகப் பலர் விரும்பும் படாக் என்ற ஆப்பிரிக்க வேங்கையின் கதையும் சுலபமானதல்ல. ஆப்பிரிக்க வேங்கை இனங்கள் அனைத்தையும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, 2022இல் பனாமாவில் கூடியபோது, அதன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அந்த மரம் நாடு கடக்க ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். கடைக்காரரிடம் அதன் நகலைக் கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

தோட்டத்துத் தேக்கு வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். இந்தியாவில் தேக்கைத் தோட்டமாக வளர்க்கும் வழக்கமே நம் பக்கத்தில் தொடங்கியதுதான்: 1840களில் மலபார் கலெக்டர் கனோலியின் முயற்சியில், சாத்து மேனன் நிலம்பூரில் நட்டு வளர்த்த தோட்டத்தின் ஒரு பகுதி இன்னமும் நிற்கிறது. இளமரமாக வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. அதை மழை படாத உள்ளறைக் கதவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பொறுப்போடு பராமரித்த காட்டு மரம் என்பதற்கான எஃப்.எஸ்.சி. முத்திரை உள்ள மரம் என்று சொன்னால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மரத்தில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்கு விற்பவரின் பில்லிலும் அவருடைய சான்றிதழ் எண் இருக்க வேண்டும். காட்டிலிருந்து கடை வரைக்குமான சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் முத்திரைக்குப் பொருள் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பழைய மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், இடித்த வீடுகளின் தூணும் நிலையும் சன்னலும் குவிந்து கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறி, பார்க்கக் கரிக்கட்டை போல இருக்கும் சட்டத்தில் ஆசாரி இழைப்புளியை ஒருமுறை ஓட்டியதும், உள்ளே பொன்னிறத்தில் நெருக்கமான ரேகைகள் தெரியும். தோல் பதனிட்டது போன்ற தேக்கு வாசனை குப்பென்று எழும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் இனி அது பெரிதாக முறுக்கவோ சுருங்கவோ செய்யாது. ஆனால் வாங்குமுன் காந்தத்தைத் தடவி உடைந்த ஆணி எதுவும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ரம்பத்தின் பல் போகும். சுவருக்குள் இருந்த முனைகளைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலித்தால் கரையான் தின்ற இடம். அந்த நீளத்தை விட்டுத்தான் அளவு போட வேண்டும். ஒரு வேண்டுகோளும் உண்டு: மரத்துக்காகவே நல்ல வீட்டை இடிக்கத் தூண்டும் விலையைக் கொடுக்காதீர்கள்.

வீட்டின் எல்லா இடத்துக்கும் தேக்கு வேண்டும் என்பது சமீப காலத்துப் பிடிவாதம். கிராமத்து வீடுகளில் நிலைக்கு வேம்பு, பலகைக்குப் பூவரசு, பலா, அலமாரிக்கு வாகை என்று இடத்துக்கு ஏற்ற மரம் போட்டார்கள். ஓட்டுக் கூரைக்குப் பனஞ்சட்டம். மற்ற மரங்களுக்கு நடுவில் வைரம். பனைக்கு வெளிச்சுற்றில்தான் வைரம், நடுவில் சோறு. அதனால் நன்றாக முற்றிய பனையை நெடுக்காகப் பிளந்து கருத்த பகுதியை மட்டும் எடுப்பார்கள். இப்போது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. அந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பழைய கூரை பிரிக்கும் இடத்தில் பனஞ்சட்டம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பால் வற்றியபின் எப்படியும் வெட்டப்படும் ரப்பர் மரம், போரான் மருந்தேற்றிக் காயவைத்தால், உள்வேலைக்கு நன்றாகவே உழைக்கும்.

மரமே வேண்டாம், இரும்பும் பிளாஸ்டிக்கும் போதும் என்பது இதற்கு விடையாகாது. மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. 2020இல் அதை விலக்கிக்கொண்டது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். கதவு நிற்கும் காலம் வரை அது காற்றில் கலக்காமல் இருக்கும். ஆகவே எடுத்த மரத்தை நீண்ட நாள் நிற்கவைப்பது மரம் வாங்குவதற்குச் சமமான பொறுப்பு.

இங்கேதான் நம் வேலைத்தளங்களில் பெரிய சேதம் நடக்கிறது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரம் சுருங்கும். வளைய ரேகையின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த கதவு முதல் கோடையிலேயே வளைவது இதனால்தான். அறுத்த சட்டங்களை இடையிடையே குச்சி வைத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்கி, ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமானி வைத்திருக்கும் மரவாடிகள் இருக்கின்றன. கேட்டால் உங்கள் முன்னாலேயே வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது நிலையின் கால். தரைக்குள் இறக்கிச் சிமெண்டால் மூடிவிடுகிறார்கள். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும். வீடு கழுவும் ஒவ்வொரு முறையும் ஈரம் ஏறி, மேலே பளபளக்கும் நிலை கீழே சொத சொதவென்று ஆகிவிடும். காலைத் தரைமட்டத்துக்கு மேலேயே நிறுத்தி, அடியில் ஒரு கருங்கல் துண்டு வைத்து, வெட்டுமுகத்துக்கும் சுவரில் பதியும் பக்கத்துக்கும் தார் பூசச் சொல்லுங்கள். மேஸ்திரி நிலை நிறுத்தும் அன்று வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று இதைப் பார்க்க வேண்டும். பூச்சு ஏறிய பிறகு அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

(தொடரும்)