குறைந்த எடை மீண்டும் ஏறினால்: இரண்டாவது அறுவைச் சிகிச்சை எப்போது?

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சில ஆண்டுகள் கழிந்தபின், எடை மீண்டும் ஏறத் தொடங்கியதும் மறுபரிசோதனைக்கு வருவதையே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவு செலவழித்த குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது, மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற கூச்சமே அதற்குக் காரணம். அவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இதை எழுதுகிறோம்.

எவ்வளவு ஏறுவது இயல்பு?

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். அதில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தனர். 10 ஆண்டுகளுக்குப் பின் அது 25 விழுக்காடாக நின்றது. அதாவது 100 கிலோ எடையுள்ள ஒருவர் 68 கிலோவுக்கு இறங்கிப் பின்னர் 75 கிலோவில் நிலைப்பது தோல்வியன்று. எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சம் என்றே எண்ணுகிறது. பசியைத் தூண்டுகிறது, ஆற்றல் செலவைச் சுருக்குகிறது. இது மன உறுதி பற்றிய கேள்வி மட்டுமன்று.

ஆயினும், ஏற்றம் தொடர்ந்துகொண்டே போனாலோ, கட்டுக்குள் வந்த சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் திரும்பினாலோ, காலம் தாழ்த்தாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் காரணம், பிறகு கத்தி

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு அகற்றப்படுகிறது. எஞ்சிய குழாய் ஆண்டுகள் செல்லச் செல்ல விரியலாம். பைபாஸில் சிறு பையும், அது குடலோடு இணையும் வாயிலும் அகலமாகலாம். இவற்றை எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் காட்டும். இத்தகைய உடலமைப்புக் குறை கண்டறியப்பட்டால் மறு அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் பொருளுண்டு. ஸ்லீவுக்குப் பின் கடும் நெஞ்செரிச்சலும் சேர்ந்து வாட்டினால், அதைப் பைபாஸாக மாற்றுவது இரண்டுக்கும் உதவக்கூடும்.

இரைப்பை சரியாகவே இருந்தால், காரணம் வேறிடத்தில் இருக்கும். பழச்சாறு, ஐஸ்கிரீம், மிக்சர், மது ஆகியவை சிறு இரைப்பையையும் எளிதில் கடந்துவிடும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டலாம். தைராய்டு குறைபாடு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றுக்கு இரண்டாவது அறுவைச் சிகிச்சை விடையாகாது. உணவில் புரதத்தை முன்னிறுத்துவது முதற்படி. கோவளம் கடற்கரையில் வாழும் நமக்கு மீன் அருமையான புரதம். ஆனால் வறுவலாக அன்று, குழம்பாக. செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசி மருந்துகள் எடை குறைப்புக்காக 2025 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. மீண்டும் ஏறிய எடைக்கு அவை பொருந்துமா என்பதையும் மருத்துவரிடம் கேட்கலாம்.

இடர்களை மறைக்கலாகாது

ஒருமுறை அறுத்த இடத்தில் தழும்புத் திசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டாவது சிகிச்சை நீண்ட நேரம் பிடிக்கும். தையலில் கசிவு, இரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் முதல் சிகிச்சையைவிட மிகுதி. குறையும் எடையோ பெரும்பாலும் குறைவு. 2024 ஏப்ரலில் தாம்பரத்தை அடுத்த பம்மலில், எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்ததையும், அதுபற்றி அரசு விசாரித்ததையும் நம் வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அச்சத்தால் சிகிச்சையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவும் வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை

• என் எடை ஏறியதற்கு நீங்கள் கண்ட காரணம் என்ன? இந்தச் சிகிச்சை அதை எப்படிச் சரிசெய்யும்?
• மறு அறுவைச் சிகிச்சையில் உங்கள் அனுபவம் என்ன?
• இரவில் சிக்கல் நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவும் மருத்துவரும் இங்கேயே உண்டா?
• சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

செலவைப் பற்றியும் முன்னரே கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டின் பொது விதிப்படி, உடல் நிறை குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், இதய நோய் போன்றவை இருந்தால் 35 போதும். முதல் சிகிச்சைக்குப் பணம் தந்த நிறுவனம் இரண்டாவதற்கும் தரும் என்று எண்ணிவிடாமல், எழுத்தில் உறுதி பெறுங்கள்.

வரும்போது முதல் அறுவைச் சிகிச்சையின் குறிப்பு, இதுவரை பார்த்த எடைகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், ஒரு வார உணவுக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். உணவுக் குறிப்பில் எதையும் மறைக்க வேண்டாம். அது குற்றப் பத்திரிகை அன்று.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அவர்கள் தட்டிலுள்ள கவளங்களை எண்ணாதீர்கள். மறுபரிசோதனை நாளில் உடன் வாருங்கள், அதுவே பேருதவி.