யானையைக் கட்டித் தீனி போடுவது யார்?

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பந்தல் போட ஆள் உண்டு, சமைக்க ஆள் உண்டு, மொய் எழுத ஆள் உண்டு. மறுநாள் பந்தலைப் பிரித்துப் பாத்திரம் கழுவத்தான் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. நம் நாட்டுப் பெரிய விளையாட்டரங்கங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். திறப்பு விழாவுக்கு மேன்மை தங்கியவர்கள் வருகிறார்கள், வாத்தியம் முழங்குகிறது, வாணவேடிக்கை நடக்கிறது. பத்து ஆண்டு கழித்துக் கூரை ஒழுகும்போது வாளி வைக்க யாரையும் காணோம்.

ஷா ஆலம் அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் ஏறிப் போய், சிவப்பும் மஞ்சளும் கட்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்கள் இதைப் படிப்போரில் நிச்சயம் இருப்பீர்கள். 1994-ல் திறந்தார்கள். 80,000 பேர் உட்காரலாம். வானத்தை வளைத்து வைத்தாற்போல் இரண்டு பக்கமும் நீலக் கூரை. அப்போது நாட்டிலேயே அதைப் போல் இன்னொன்று இல்லை. ஆனால், 2020-ல் பாதுகாப்பில்லை என்று கதவைச் சாத்தினார்கள். பழுது பார்த்துப் புதுப்பிக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டுவது என்று முடிவானது. 2024-ல் இடிக்கத் தொடங்கினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பதே ஆண்டு. செம்பனைக் கன்றை நட்டு, குலை வெட்டி, மரம் உயர்ந்து கத்தி எட்டாமல் போய், மறுநடவுக்குச் சாய்க்கிறோமே, அதற்கு இருபத்தைந்து ஆண்டு சொச்சம் ஆகிறது. கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய அரங்கத்தின் ஆயுளும் ஒரு செம்பனையின் ஆயுளை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. அதிலும் மரம் நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து வரும்படி கொடுக்கிறது.

அரங்கம் ஏன் வரும்படி கொடுப்பதில்லை? லீக் ஆட்டங்களில் ஒரு குழு தன் சொந்தத் திடலில் ஆடுவது ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள்தான். கிண்ண ஆட்டங்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் நாற்காலிகள் வெயில் காய்கின்றன. ஆனால், புல் மட்டும் ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளர்கிறது. நம் ஊர் மழைக்கு வடிகால் அடைத்துக்கொள்கிறது. இரும்பு துரு ஏறுகிறது. பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் வெளுத்து விரிசல் விடுகிறது. விளக்குக் கம்பம், மின்கம்பி, கழிவறைக் குழாய் எல்லாவற்றுக்கும் மாதா மாதம் காசு வேண்டும். டிக்கெட் பணம் அதற்குக் காணாது. ஆட்டக்காரர்களுக்கே சம்பளம் கொடுக்க முடியாமல் மாதக்கணக்கில் பாக்கி வைத்த குழுக்கள் நம் லீக்கில் உண்டு. அவர்களா கூரைக்குச் சாயம் அடிக்கப் போகிறார்கள்?

ஆகவே செலவு அரங்கத்தின் சொந்தக்காரர் தலையில் விழுகிறது. சொந்தக்காரர் என்பது பெரும்பாலும் மாநில அரசாங்கம் அல்லது நகராண்மைக் கழகம். அதாவது நாம். “எனக்கு வருமான வரியே கிடையாதே, வாத்தியாரே” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வருமான வரி இல்லாவிட்டால் என்ன? கடையில் வாங்கும் எத்தனையோ சாமான்களின் விலையில் விற்பனை வரி ஒளிந்திருக்கிறதே!

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள். “அரசாங்கம் ரொக்கமாக ஒரு காசு கொடுக்கவில்லை, தனியார் நிறுவனம்தான் கட்டுகிறது” என்பார்கள். ஷா ஆலமில் 45,000 பேருக்கான புதிய அரங்கத்தை எம்.ஆர்.சி.பி. நிறுவனம் கட்டித் தருவது, அதற்கு ஈடாக மாநில அரசாங்கம் நிலம் தருவது என்று ஏற்பாடு. இது ரகசியமும் அல்ல, குற்றமும் அல்ல. பல இடங்களில் நடக்கும் முறைதான். ஆனால், நிலத்தைக் கொடுப்பதும் பணத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான் என்பதை ஊராருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நிலத்தின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு வீட்டு மனைக்கு வழியில்லாமல் தவித்தவர்கள் அல்லவா நாம்!

கட்டும்போதே கோட்டை விட்டால் பராமரிப்புப் பேச்சுக்கே இடமில்லை. திரங்கானுவில் 2008-ல் சுக்மா விளையாட்டுக்காக 50,000 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டினார்கள். செலவு ஏறக்குறைய 300 மில்லியன் ரிங்கிட். மறு ஆண்டு, 2009 ஜூன் 2-ஆம் தேதி, அதன் கூரை இடிந்து விழுந்தது. அப்போது உள்ளே ஆட்டம் நடக்கவில்லை. புண்ணியத்துக்கு ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. வடிவமைப்பிலும் குறை, பொருளின் தரத்திலும் வேலையிலும் குறை என்று விசாரணைக் குழு சொன்னது. 2013-ல் மிஞ்சியிருந்த கூரையைப் பிரித்தபோது அதுவும் சரிந்து வேலையாட்கள் காயமடைந்தார்கள். விழா சில நாள். அந்த அரங்கத்தில் மறுபடி ஒழுங்காக ஆட்டம் நடக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மெர்டேகா அரங்கத்தின் கதை வேறு. 1957 ஆகஸ்ட்டில் நாடு விடுதலை பெற்றதை உலகுக்கு அறிவித்த இடம். 1975-ல் முகமது அலி குத்துச்சண்டை போட்ட இடம். கோல் காவலர் ஆர். ஆறுமுகமும், அணித்தலைவராக விளங்கிய எம். சந்திரனும் ஆடியதை நம் அப்பாக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது இங்கிருந்துதான். அதையும் 1990-களில் இடித்துவிட்டு வியாபாரக் கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். 1997-ல் வந்த பொருளாதார நெருக்கடி அதைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். நெருக்கடியால் வந்த நன்மை இது ஒன்றாகத்தான் இருக்கும்! பிறகு மரபுச் சின்னமாக அறிவித்து, பின்னாளில் ஒட்டவைத்த மாடிகளை நீக்கி, 1957-ல் இருந்த உருவத்துக்கே கொண்டுவந்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. கூரை மிகுதியாக இல்லாத எளிய கட்டடம். அதுவும் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர்க்காரர்கள் காசு விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று பெயர். அங்கே 1973-ல் திறந்த பழைய தேசிய அரங்கத்துக்குப் பணம் திரட்டவே ‘சிங்கப்பூர் சுவீப்’ என்ற பரிசுச்சீட்டை 1969-ல் தொடங்கினார்கள். சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழாவிட்டாலும் ஊருக்கு அரங்கம் விழுந்தது. அதை இடித்துவிட்டு 2014-ல் கூரை திறந்து மூடும் புதிய அரங்கத்தைக் கட்டினார்கள். தனியார் கூட்டு நிறுவனம் கட்டி 25 ஆண்டு நடத்துவது, அரசாங்கம் ஆண்டுதோறும் பணம் கட்டுவது என்று ஒப்பந்தம். ஆண்டுக்கு 190 மில்லியன் வெள்ளிக்கு மேல்! ஆனால், அந்த அழகான கூரை வெயிலை மறைத்தது. வெயில் இல்லாமல் புல் எப்படிப் பிடிக்கும்? 2014-ல் பிரேசிலும் ஜப்பானும் வந்து ஆடியபோது திடல் திட்டுத் திட்டாக மண்ணாய்க் கிடந்ததை உலகமே பார்த்தது. கடைசியில் 2022 டிசம்பரில் ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு அரசாங்கமே அரங்கத்தை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கே இந்த யானை இவ்வளவு தின்றது என்றால் நம் நிலை என்ன?

நம் யானை புக்கிட் ஜாலிலில் நிற்கிறது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய தேசிய அரங்கம். 87,000 பேர் உட்காரலாம். அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எஞ்சியிருந்த தோட்டக் குடும்பங்கள் ஒரு துண்டு நிலத்துக்காகப் பல ஆண்டு போராடியதைச் செய்தித்தாள் படித்தவர்கள் அறிவார்கள். அரங்கத்தின் புல் கெட்டுப்போனபோது, 2022-ல் அதைச் சீராக்க 10 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள். பழைய மாட்டுப்புல்லை எடுத்துவிட்டு ஸொய்சியா என்ற உயர்ந்த ரகப் புல்லைப் போட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. தேசியக் குழு சேற்றில் உருண்டால் நமக்குத்தானே அவமானம்!

என் மனத்தாங்கல் வேறு. எங்கள் தோட்டத்துத் திடலில் புல் வெட்ட ஓர் ஆண்டு முழுவதும் அலைந்தேன். மாவட்ட அலுவலகம் ஒன்றில் கேட்டால், “அது தனியார் நிலம் சார், அரசாங்கப் பணத்தைப் போட முடியாது” என்கிறார்கள். நிர்வாகியிடம் கேட்டால், “திடல் பொதுச் சேவை, அரசாங்கத்தைக் கேளுங்கள்” என்கிறார். பள்ளியிலோ பகுதி உதவிதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் கதையும் இதுதான். நிலம் அரசாங்கத்துடையது அல்ல என்பதால் மானியமும் அளந்துதான் வரும். தனியார் நிறுவனம் கட்டும் அரங்கத்துக்குப் பொது நிலத்தைக் கொடுக்க வழி இருக்கிறது. தனியார் நிலத்தில் ஓடும் பிள்ளைகளுக்குப் பொதுப் பணத்தில் ஒரு கோல் வலை வாங்க வழி இல்லை. சட்டம் தெரிந்தவர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு அந்தக் காரணத்தை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால், கட்டுகிற செலவைச் சொல்லும் அன்றே, முப்பது ஆண்டு தீனிச் செலவு எவ்வளவு, அதை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 80,000 நாற்காலி நிரம்பாது என்று தெரிந்தால் 20,000 போதும். மிச்சப் பணத்தில் எத்தனை கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் வடிகாலோடு திடல் அமையும்! ஆறுமுகங்களும் சந்திரன்களும் பெரிய அரங்கத்தில் பிறந்து வருவதில்லை. சின்னத் திடலில் வெறுங்காலோடு ஓடித்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

மாநிலச் சட்டமன்றத்தில் ஆண்டு முடிவில் வரவு செலவுத் திட்டம் வாசிப்பார்கள். அதற்கு முன் தீபாவளி உபசரிப்புக்கு உங்கள் சட்டமன்ற உறுப்பினர் எப்படியும் தோட்டத்துப் பக்கம் வருவார். முறுக்கும் காப்பியும் கொடுத்த கையோடு இரண்டே கேள்வி கேளுங்கள்: மாநில அரங்கத்தின் பராமரிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு? இந்தத் தொகுதித் திடல்களுக்கு எவ்வளவு? பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அவர் வருவார்.