தூரமும் பறப்பு நேரமும்: கட்டுநாயக்கவிலிருந்து இலண்டன் வரை

சனவரி மாதத்தில் ஒருநாள், கட்டுநாயக்கவிலிருந்து பி.ப. 1.00 மணிக்குப் புறப்படும் விமானம் அதேநாள் பி.ப. 6.30 மணிக்கு இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை அடைகிறது எனக் கொள்வோம். நேரங்கள் இரண்டும் அவ்வவ்விடத்து நேரங்களாகும். பறப்பு நேரம் எவ்வளவு? 5½ மணித்தியாலம் என எழுதினால் நீங்கள் புள்ளிகளை இழப்பீர்கள். காரணத்தைப் பார்ப்போம்.

1. தூரம்

புவி ஏறத்தாழக் கோள வடிவானது. ஆகவே இரு இடங்களுக்கிடையிலான மிகக் குறுகிய பாதை, புவியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டமொன்றின் வில்லாகும். புவியின் பரிதி ஏறத்தாழ 40,000 கி.மீ. எனவே,

1° இற்குரிய வில்லின் நீளம் = 40,000 ÷ 360 ≈ 111 கி.மீ.

இவ்விரு விமான நிலையங்களும் புவியின் மையத்தில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 78.4° ஆகும்.

தூரம் = 78.4 × 111 ≈ 8,700 கி.மீ.

வானிலை, குறித்த வான்பாதைகள், மூடப்பட்ட வான்பரப்புகள் என்பவற்றால் விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்று அதிகமாகும்.

2. நேரம்

புவி 24 மணித்தியாலத்தில் 360° சுழல்கின்றது. அதாவது 1 மணித்தியாலத்தில் 15°. இலங்கையின் நியம நேரம் 82½° கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. 82.5 ÷ 15 = 5.5 ஆதலால், அது கிறீன்விச் நேரத்திலும் 5½ மணித்தியாலம் முந்தியது. சனவரியில் இலண்டன் கிறீன்விச் நேரத்தையே பின்பற்றுகின்றது.

படி 1: இறங்கும் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றுக.
பி.ப. 6.30 + 5 ம. 30 நி. = நள்ளிரவு 12.00

படி 2: புறப்பட்ட நேரத்தைக் கழிக்க.
பி.ப. 1.00 இலிருந்து நள்ளிரவு 12.00 வரை = 11 மணித்தியாலம்

சராசரிக் கதி = 8,700 ÷ 11 ≈ 790 கி.மீ./மணி

விடையைச் சரிபார்த்தல்: 5½ மணித்தியாலம் எனக் கொண்டால் கதி ஏறத்தாழ 1,580 கி.மீ./மணி ஆகிவிடும். இது ஒலியின் கதியிலும் அதிகம். பயணிகள் விமானங்கள் பொதுவாக 900 கி.மீ./மணி அளவிலேயே பறக்கின்றன. எனவே பிழையை நீங்களே கண்டுகொள்ளலாம்.

3. திரும்பும் பயணம்

அதே மாதத்தில் இலண்டனிலிருந்து பி.ப. 8.30 இற்குப் புறப்படும் விமானம் மறுநாள் பி.ப. 12.30 இற்குக் கட்டுநாயக்கவை அடைகின்றது எனக் கொள்வோம். கடிகாரங்கள் காட்டும் வித்தியாசம் 16 மணித்தியாலம். அதிலிருந்து 5½ ஐக் கழிக்க, பறப்பு நேரம் 10½ மணித்தியாலமாகும்.

தூரம் ஒன்றே, நேரம் ஏன் குறைகின்றது? ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் இடைவெப்ப வலயத்தின் மேலாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம், கிழக்கே செல்லும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகின்றது. மேற்கே செல்லும் விமானத்தை எதிர்க்கின்றது.

இங்கு திகதியும் மாறுவதைக் கவனிக்க. உறவினரை அழைத்துவர விமான நிலையம் செல்வோர், புறப்படும் திகதியை அல்ல, இறங்கும் திகதியையே பார்க்க வேண்டும்.

நினைவிற் கொள்க: மார்ச் இறுதி ஞாயிறு முதல் ஒக்டோபர் இறுதி ஞாயிறு வரை பிரித்தானியாவில் கடிகாரம் 1 மணித்தியாலம் முன்னே நகர்த்தப்படும். அக்காலத்தில் இலங்கையுடனான வித்தியாசம் 4½ மணித்தியாலம் மட்டுமே.

பயிற்சி: யூலை மாதத்தில் இலண்டனிலிருந்து பி.ப. 8.30 இற்குப் புறப்படும் விமானம் மறுநாள் மு.ப. 11.30 இற்குக் கட்டுநாயக்கவை அடைகின்றது. பறப்பு நேரம் யாது?

(விடை: 15 − 4½ = 10½ மணித்தியாலம்)