நாலு எழுத்தும் ஒரே பெட்டியில்

கிழக்கிலங்கையின் நிந்தவூரில் கல்யாண அழைப்பிதழ் அடிப்பவருக்கு மேலே அரபியில் பிஸ்மி வேண்டும், உள்ளே தமிழ், மண்டபத்தின் பெயர் ஆங்கிலத்தில், சிலவேளை சிங்களத்திலும் ஒரு வரி. அரபு வலமிருந்து ஓடும். அதன் நடுவே வரும் திகதியின் இலக்கங்களோ இடமிருந்துதான் ஓடும். விண்டோஸில் ஒழுங்காக நின்ற வரி லினக்ஸிலும் அண்ட்ரொய்டிலும் அப்படியே நிற்க வேண்டும்.

இந்தச் சுமையைத் தாங்கும் மென்பொருள் சட்டகங்களில் ஒன்று 'கியூட்'. நோர்வேக்காரர்களான ஹாவார்ட் நோர்டும் எய்ரிக் சாம்பே-எங்கும் உருவாக்கி 1995இல் வெளியிட்டது. பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி எல்லாம் அதில் ஆயத்தமாக உண்டு. ஒருமுறை எழுதிய நிரலைப் பல இயங்குதளங்களில் ஓட்டலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் விஎல்சி பிளேயரின் முகம் கியூட்தான்.

இப்படியொரு சட்டகத்தைச் செய்வதைவிடப் பராமரிப்பதுதான் பெரும்பாடு. எழுதும் பெட்டியை மட்டும் பாருங்கள். 'நிந்தவூர்' நமக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஒன்பது: 'நி'யின் விசிறிக்கும் 'ந்'தின் புள்ளிக்கும்கூடத் தனித்தனி எண். அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் கர்சர் 'வூ'வை முழுசாகத் தாண்ட வேண்டும். பேக்ஸ்பேஸ் தட்டினால் ஊகாரக் குறி மட்டும் போய் 'வ' மிஞ்ச வேண்டும். டிலீட் தட்டினால் எழுத்தே போக வேண்டும். இதையெல்லாம் மனிதர் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பதில்லை. சோதனை நிரலே விசை தட்டும், மவுஸை அழுத்தும், விடையை ஒப்பிடும். ஒரு பிழையைத் திருத்தினால் அதற்கென ஒரு சோதனையும் எழுதி வைப்பார்கள். பிறகு யார் எங்கே கை வைத்தாலும் அதுவும் சேர்ந்தே ஓடும். வரைந்த திரையைப் பழைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுவதும் உண்டு. எழுத்தின் ஓரத்தை ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக மழுக்குவதால், மாதிரிப் படங்களையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு செய்தும் பிழை தப்புவது உண்டு, கியூட்டில் மட்டுமல்ல. 2018 பெப்ரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளை முடக்கிப்போட்டது. ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. நம் பக்கத்து எழுத்துகளை முன்கூட்டிச் சோதித்தது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் இந்தச் சோதனை வேலையில் இறங்கலாம். கியூட்டின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிழையை யாரும் அறிவிக்கலாம். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் மட்டும் போதாது. குழம்பிய வரியை எழுத்தாகவே ஒட்டி, இயங்குதளம், பதிப்பு, எழுத்துரு மூன்றையும் குறிக்க வேண்டும். அந்த வரியை அப்படியே எடுத்துத்தான் புதுச் சோதனையை எழுதுவார்கள்.