நிற்கிற டயரும் சாய்கிற டயரும்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் அறுவடைக் காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வைக்கோலை மலைபோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி ஆடி அசைந்து வரும். அதன் சக்கரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆரக்காலும் இருக்காது, இரும்புப் பட்டையும் இருக்காது. என்றைக்கோ காரிலும் லாரியிலும் ஓடி ஓய்ந்த ரப்பர் டயர், பென்ஷன் வாங்கிய பிறகும் வேலைக்குப் போகும் குமாஸ்தாவைப் போல, சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருக்கும்.

நம் ஊரில் டயருக்கு மரணம் என்பதே கிடையாது. காரில் தேய்ந்தால் வண்டிக்கு. வண்டியில் தேய்ந்தால் செருப்புக்கு. எதற்கும் உதவாவிட்டால் குழந்தைகள் குச்சியால் தட்டிக்கொண்டு ஓட. ஆகவே, என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, “மாமா! மோட்டார் சைக்கிளுக்குக் கார் டயர் போடப் போகிறேன்” என்று சொன்னபோது நான் திடுக்கிடவில்லை. “பேஷ்! சிக்கனமான பிள்ளை!” என்றுதான் நினைத்தேன்.

அவன் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்கு வருகிறவன். போக வர 60 கிலோமீட்டர். மாலையில் புறப்பட்டால் வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். பழையதாக வாங்கிய மோட்டார் சைக்கிள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஓட்டும் ரகம். பின் சக்கரம் 15 அங்குலம். அந்தப் பின் டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது. புதிது வாங்கினால் அந்த மாதம் அக்காவுக்குக் கொடுக்கும் பணத்தில் துண்டு விழும்.

“அம்பாஸடர் காருக்கும் 15 அங்குலச் சக்கரம்தான், மாமா! பழைய கார் உடைக்கிற இடத்தில் ஒரு டயர் கிடைத்தது. ஸ்டெப்னியாகவே காலம் தள்ளிய டயர். பட்டன் கூடத் தேயவில்லை. விலை கால் பங்கு!” என்றான்.

அமெரிக்காவில் இப்படிச் செய்கிறார்களாம். அது உண்மைதான். 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிரம்மாண்டமான மோட்டார் சைக்கிள்களில் நாள் முழுவதும் நேர்ச் சாலையில் போகிறவர்கள் அங்கே உண்டு. அவர்களில் சிலர் பின் சக்கரத்தில் கார் டயரை மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் சைக்கிள் டயரைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உழைக்கிறது என்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட வேடிக்கைப் பெயர், ‘இருட்டுப் பக்கம் போனவர்கள்’ என்பது!

பெயரைக் கேட்டதும் எனக்குச் சற்று உதறல் எடுத்தது. “எதற்கும் ஒரு தடவை தெரிந்தவர்களைக் கேட்டுவிடலாம், வா” என்று சொல்லி, டயரையும் பையனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாக்பீஸ் பரீட்சை

யானைமலையின் நிழலில் இருக்கும் ஒத்தக்கடையில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கைரேகையெல்லாம் கறுத்துப்போனவர். டயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பழைய மோட்டார் சைக்கிள் டயர் ஒன்றையும் ஒரு சாக்பீஸையும் கொண்டு வந்தார்.

இரண்டு டயரின் மேல்புறத்திலும், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாக்பீஸைத் தேய்த்தார். முதலில் மோட்டார் சைக்கிள் டயரை நிமிர்த்திச் சிமிண்டுத் தரையில் உருட்டினார். தரையில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு அதையே நன்றாகச் சாய்த்து உருட்டினார். அப்போதும் அதே அகலத்துக்குக் கோடு விழுந்தது.

அடுத்தது கார் டயர். நிமிர்த்தி உருட்டியபோது உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையாக வெள்ளை படிந்தது. என் மருமகன் என்னை வெற்றிப் புன்னகையுடன் பார்த்தான். பெரியவர் அதைச் சாய்த்து உருட்டினார். தரையில் நூல் மாதிரி ஒரு கீற்று! அவ்வளவுதான்.

“பாத்தீங்களா தம்பி? இது நிக்கிற டயரு. உங்க வண்டிக்கு வேணுங்கிறது சாயற டயரு. காரு திரும்பும்போது சாயறதில்ல. அதுக்கு அடி தட்டையா இருக்கலாம். உங்க வண்டி சாயாமத் திரும்பாது. அதுக்கு வயிறு உருண்டையாத்தான் இருக்கணும்” என்றார்.

பையன் லேசில் விடுகிறவனா? “ஏறி உட்கார்ந்தால் பாரத்தில் டயரின் பக்கம் மடங்கிக் கொடுக்குமே, ஐயா! அப்போது தட்டை தரையில் படியாதா?” என்றான்.

“படியும். ஆனா அந்தத் தட்டையே உங்களை நிமித்தப் பாக்கும். நீங்க சாய்க்க, அது நிமித்த, வளைவுல ரெண்டு பேருக்கும் சண்டை! எதுத்தாப்புல லாரி வர்ற நேரத்துல சண்டைக்கு நேரம் ஏது தம்பி?”

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படித்த பௌதிகத்தைத் தூசி தட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. அதில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப மோட்டார் சைக்கிள் 6 டிகிரி சாய வேண்டும். 40 கிலோமீட்டரில் 23 டிகிரி. 60 கிலோமீட்டரில் 43 டிகிரி! வேகம் இரண்டு மடங்கானால் சாய்வு நான்கு மடங்கை எட்டிப் பிடிக்கிறது. நேர்ச் சாலையில் சாதுவாக இருக்கும் டயரின் சுபாவம், ஒரு மாடோ குழந்தையோ குறுக்கே வந்து சட்டென்று ஒடிக்கும்போதுதான் தெரியும். அமெரிக்கப் பாலைவனச் சாலையில் மாடு குறுக்கே வருவது அபூர்வம். மேலூர்ச் சாலையில் அது அன்றாட நிகழ்ச்சி.

உட்காரும் இடம்

பெரியவர் அதோடு விடவில்லை. “15 அங்குலம்னு ரெண்டுலயும் எழுதியிருக்கு. அதுக்காக ஒண்ணுதான்னு ஆயிடுமா?” என்று கேட்டார்.

டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி ஓடுகிறது. அந்த விளிம்பு ரிம்மின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார வேண்டும். கார் ரிம்முக்கு ஒரு தர விதி, மோட்டார் சைக்கிள் ரிம்முக்கு வேறு தர விதி. அகலமும் உட்காரும் இடத்தின் வடிவும் வேறு. பொருந்தாத டயரை உட்கார வைக்க மேலும் மேலும் காற்றை ஏற்றுவார்கள். அப்படி ஏற்றும்போது விளிம்பு தெறித்தால், பக்கத்தில் நிற்பவன் கதி அதோகதிதான். உட்கார்ந்துவிட்டாலும் கவலை தீராது. குழியில் விழுந்து எழும்போது விளிம்பு நகர்ந்தால், ஓடுகிற வண்டியில் ஒரே நொடியில் காற்றுப் போய்விடும்.

பாரத்தின் கணக்கும் இடிக்கிறது. சிறிய காரின் டயர் ஒன்றே 375 கிலோ வரை தாங்கும்படி செய்யப்படுவது உண்டு. ஒருவர் ஏறிய மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் விழும் பாரம் அதில் பாதி கூட வராது. பெரிய டயர்தானே, கூடுதல் பலம்தானே என்று தோன்றும். ஆனால் ரப்பர் மடங்கி நிமிர்ந்து, சூடேறினால்தான் சாலையை நன்றாகப் பற்றும். பாரம் போதாத முரட்டு டயர் ஜில்லென்று விறைத்தபடியே ஓடும்.

கடைசியாகப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். நான்கு இலக்கங்கள் தெரிந்தன: 1213. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அதாவது 2013-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் பிறந்த டயர். ஓடாமல் கிடந்ததனால் பட்டன் தேயவில்லை. ஆனால் ரப்பருக்கு வயது ஏறாமல் இருக்குமா? நகத்தால் அழுத்திக் காட்டினார். மரக்கட்டை மாதிரி இருந்தது. ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன.

மருமகன் முகத்தில் புன்னகை மறைந்துவிட்டது.

முதல் டயரும் நம் ஊர் டயரும்

காற்றடைத்த டயரை உலகம் அறியச் செய்தவர் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்த ஜான் பாய்ட் டன்லப். 1888-ஆம் ஆண்டில், தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று அதிராமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்தார். அதாவது முதல் டயர் ஓடியது சாயாத வண்டியில்! மாட்டு வண்டிக்கும் காருக்கும் அது சொந்தம் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. வண்டி சாயாது, அதனால்தான் கார் டயர் அங்கே பிரமாதமாக உழைக்கிறது. பக்கத்தில் தொட்டி இணைத்த ‘சைடு கார்’ மோட்டார் சைக்கிளும் சாயாது. அதற்கும் தட்டை டயர் பொருந்தும். இரண்டே சக்கரத்தில் நிற்கும் வண்டிக்குத்தான் தனி டயர் தேவைப்பட்டது.

அந்தத் தனி டயரைத் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1911-ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய மோட்டார்த் தொழில் மதுரையைத் தன் வீடாக்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்தில் பிறந்த டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா கம்பெனி, 1982-இல் பதிவானது, மதுரை-மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு டயர் செய்கிறது. சாய்கிற டயர் பிறக்கும் ஊரின் வாசல் வழியாகத்தான் என் மருமகன் தினமும் மொட்டை டயரில் போய்க்கொண்டிருந்தான்!

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் குறித்தபடி பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. டயர் என்று பெயர் சொல்லி அந்தப் பிரிவு பேசவில்லை. ஆனாலும் விபத்து என்று வந்துவிட்டால், கார் டயர் மாட்டிய மோட்டார் சைக்கிளைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் வாதாட நாமே வழி செய்துகொடுத்தவர்கள் ஆவோம்.

அப்படியானால் சிக்கனத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பெரியவர் சொன்ன வைத்தியம் மிகவும் மலிவு. வாரம் ஒரு முறை, டயர் சூடேறாத காலை வேளையில் காற்றுப் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் சீக்கிரம் தேயும். மிஞ்சிய டயர் நடுவில் மொட்டையாகும். வண்டியில் எழுதியுள்ள அளவையே கேட்டு வாங்க வேண்டும். 130/90-15 என்றால் அகலம் 130 மில்லிமீட்டர், பக்கத்தின் உயரம் அதில் 90 சதவிகிதம், ரிம் 15 அங்குலம். வாங்கும்போது அந்த நான்கு இலக்கத்தைப் படிக்க மறக்கக் கூடாது.

“எல்லாம் சரி தம்பி. ஒரு மாசம் முந்தியே காத்தைப் பாத்திருந்தீங்கன்னா இந்த டயரே இன்னும் ஓடியிருக்கும்” என்று முடித்தார் பெரியவர்.

புதிய டயருக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன். மீதியை மூன்று தவணையில் தரலாம் என்று பெரியவர் ஒப்புக்கொண்டார்.

சென்ற வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் வேப்பமரத்தில் அந்த அம்பாஸடர் டயர் ஊஞ்சலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தெருக் குழந்தைகள் முறை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இரவு வெகுநேரம் வரை அக்கா தூங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாளே தவிர, காது முழுவதும் சாலையிலேயே இருந்தது. பன்னிரண்டே காலுக்குத் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திரும்பும் சத்தம் கேட்டது. “வந்துட்டான்” என்று சொல்லிவிட்டு, சோறு எடுத்து வைக்க எழுந்து போனாள்.