பஸ் போயிருச்சாட்ட இருக்குதுங்க!

பொள்ளாச்சி சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். மூச்சிரைக்க ஓடி வருகிறார் ஒருவர். அங்கே ஈ, காக்கை இல்லை. "பஸ் போயிருச்சாட்ட இருக்குதுங்க!" என்கிறார்.

பஸ் போனதை அவர் கண்ணால் கண்டாரா? இல்லை. குருட்டாம்போக்கில் சொன்னாரா? அதுவும் இல்லை. எப்போதும் கூட்டம் நிற்கும் இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆகவே பஸ் போயிருக்க வேண்டும். காணாததைக் காரணத்தோடு ஊகித்துச் சொல்கிறார்.

கொங்கு நாட்டின் இந்த "ஆட்ட இருக்குது"தான் ஆங்கிலத்தில் "பிரிஸ்யூமப்ளி". எழுத்துத் தமிழில் "போலும்" என்போம். "முன்கூட்டியே எடுத்துக் கொள்ளுதல்" என்பது இதன் லத்தீன் மூலத்தின் பொருள். முழுச் சான்றும் கைக்கு வருமுன்பே ஒன்றை உண்மையென எடுத்துக் கொள்கிறோம் அல்லவா?

பங்காளிகள் இருவர்

இந்தச் சொல்லுக்குப் பங்காளிகள் உண்டு. "பெர்ஹாப்ஸ்" என்றால் "ஒருவேளை". அதற்குக் காரணம் தேவையில்லை. "சப்போஸட்லி" என்றால், "அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை" என்ற தொனி. "பிரிஸ்யூமப்ளி"யில் நம்பிக்கை உண்டு. நேரில் கண்ட உறுதி இல்லை.

"சரக்கு பிரிஸ்யூமப்ளி கப்பல் ஏறிவிட்டது" என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஏஜெண்ட் எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம். நடுவில் உள்ள சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் ஆபத்து! ஏஜெண்ட் பார்க்கவில்லை. தூத்துக்குடிக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதே புத்திசாலித்தனம்.

ஏழு ஆண்டு

ஊகத்தின் பலத்தையும் எல்லையையும் நீதிமன்றத்தில் காணலாம். ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாகவே அறியக் கூடியவர்களுக்கு 7 ஆண்டுகளாகச் சேதியே இல்லை. அப்போது, அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

ஆனால், அவர் எந்த நாளில் இறந்தார் என்பதை இந்த ஊகம் சொல்லாது. 2004-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. காணாமல் போனவரின் இன்ஷூரன்சுக்குப் பிரீமியம் கட்டாமல் விட்ட குடும்பத்துக்கு இது சோதனைதான். பாலிசி காலாவதியாகும் முன்பே அவர் இறந்தார் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்!

காணாமல் போனவரே நாளை வாசலில் வந்து நின்றால்? ஊகம் அத்தோடு ஒழிந்தது, வீட்டில் ஆனந்தம்!

பொள்ளாச்சி சாலையிலும் அதே நியாயம்தான். தாமதமாக வந்த பஸ் திருப்பத்தில் தலை காட்டினால், "போயிருச்சாட்ட இருக்குது" என்றவர் சிரித்துக்கொண்டே ஏறிக் கொள்வார்.