கரண்ட் போய் வந்தால் காணாமல் போகும் பிரிண்டர்

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிற குடும்பங்கள் நிறைய. ஷட்டரை இறக்கிய பிறகும் பில் வேலை ஓயாது. அது மேலே ஹாலில் நடக்கும். மாநிலத்துக்குள்ளேயே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில் வேண்டும் என்பது 2018 ஜூனில் இங்கே நடைமுறைக்கு வந்தது. போனில் காட்டினாலே போதும், சட்டப்படி செல்லும். ஆனால் எந்த டிரைவர் அதற்கு ஒத்துக்கொள்கிறார்? “பேப்பராக் குடுத்துருங்கண்ணே, வழியில யார்ட்ட மல்லுக்கட்டுறது” என்பார். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். பிரிண்டரில் தாள் இருக்கிறது, மை இருக்கிறது, விளக்கும் எரிகிறது. பிரிண்ட் மட்டும் வரவில்லை.

உடனே மெக்கானிக்குக்குப் போன் போடுகிறோம். பெரும்பாலும் பிரிண்டர் மேல் ஒரு குற்றமும் இருக்காது. முந்தின நாள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் மதியத்துக்கு மேல் வந்திருக்கும். மோடம் மறுபடி உயிர் பெற்றதும் வீட்டிலுள்ள போன், டிவி, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு ஐபி எண் கொடுக்கும். யாருக்கு எது கொடுத்தோம் என்ற பழைய கணக்கைச் சில மோடம்கள் மறந்தே போகும். நேற்று 192.168.1.5 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9. கம்ப்யூட்டரோ பழைய 5-ஐயே தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இப்போது டிவி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து, பிரிண்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது. பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரப் பக்கம் என்று ஒன்றை அச்சடிக்கலாம். அதில் மேக் அட்ரஸ் என்று பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வரி இருக்கும், அது மாறாது. மோடத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் உள்ள ஸ்டிக்கரில் அதன் முகவரியும் லாகின் விவரமும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் இந்த மேக் அட்ரஸுக்கு இந்த ஐபி என்று எழுதிச் சேமித்துவிட வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, ஐபி எண்ணைச் சொல்லியே மறுபடி சேர்க்க வேண்டும். விண்டோஸ் தானாகத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பதை நான் நம்புவதில்லை. அது சுலபமாகச் சேர்த்துவிடும்; தொலைப்பதும் அதே சுலபம்.

புதிதாக வாங்கியவர்கள் பாடு வேறு. ஃபைபர் மோடம்கள் இப்போது இரண்டு அலைவரிசை தருகின்றன: 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். வீட்டு உபயோக பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போன் 5-இல் இருக்க, பிரிண்டர் எதையும் காணாமல் விழிக்கும். மோடத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4-இல் பிரிண்டரைச் சேர்த்தால் வழிக்கு வரும். சுவர் தாண்டி எட்டுவதும் அதுதான். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் பழைய பிரிண்டர்கள் உள்ளேயே நுழையாது. டபிள்யூபிஏ2-வையும் அனுமதிக்க வேண்டும்.

கம்பெனி ஆப் மூலம் சேர்க்கும்போது பலரும் மாட்டிக்கொள்வது போனின் மொபைல் டேட்டாவில். முதலில் பிரிண்டரே ஒரு தற்காலிக வைஃபையைக் கிளப்பும். போன் அதில் சேர்ந்து வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அதற்குச் சொல்ல வேண்டும். அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் புத்திசாலித்தனமாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு டேட்டாவை அணைத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷனையும் போட்டுவிட வேண்டும். அது இல்லாமல் பக்கத்தில் என்ன வைஃபை இருக்கிறது என்று தேட ஆப்புக்கு அனுமதி கிடைக்காது.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியவர்களுக்குத் தனிச் சிக்கல். கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று வீடே இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்திருக்கும். மாடி பிரிண்டர் கீழே உள்ள போனுக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் வீடு ஒன்றாகும்.

இத்தனை பாடுபடுத்துகிற இந்த விவகாரத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் 1970-களின் தொடக்கத்தில் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அங்கிருந்த ஆல்டோ கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த வேகமான ஒற்றை பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. 1973 மே மாதம் பாப் மெட்காஃப் எழுதிய குறிப்பில் ஈதர்நெட் பிறந்தது. இன்று நம் மோடத்தின் பின்னால் மஞ்சள் நிறத்தில் இருக்கும் லேன் பொந்துகள் அதன் வாரிசுகள். உங்கள் பிரிண்டரிலும் அப்படி ஒன்று இருந்து, மோடம் பக்கத்திலேயே இருந்தால், ஒயரைச் சொருகிவிடுங்கள். வைஃபை பற்றி மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

பூட்டு ஊரில் இருந்துகொண்டு பூட்டைப் பற்றிப் பேசாமல் விட முடியவில்லை. 2018 நவம்பரில் ஒருவர், இன்டர்நெட்டில் திறந்து கிடந்த ஐம்பதாயிரம் பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கு விளம்பரம் அச்சடித்ததாகச் சொன்னார்; பலர் அந்தத் தாளைப் படம் எடுத்துப் போட்டார்கள். 9100 என்ற போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைத்ததுதான் வழி. மோடத்தில் அதைத் திறக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம் வீடுகளில் அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து, போன் நேராகச் சேர்வதற்கு பிரிண்டரே பரப்பும் வைஃபை டைரக்ட். சில மாடல்களில் அதற்குக் கம்பெனி வைத்து அனுப்பும் பாஸ்வேர்டு 12345678. சந்தில் நிற்கிற எவரும் சேரலாம். வீட்டு வைஃபையில் பிரிண்டர் சேர்ந்தபின் அது தேவையில்லை. மெனுவில் நெட்வொர்க் அமைப்புக்குள் போய் அணைத்துவிடலாம்.